பச்சை இலை வெள்ளையாகும் வெளிச்சம்: அகச்சிவப்புப் புகைப்படம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிஜிட்டல் கேமராவில் அகச்சிவப்புப் படம் எடுக்க ஆசைப்படுகிறவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளையும் அவற்றுக்கு என் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். சில இடங்களில் பிடிவாதமாகப் பேசியிருப்பேன். ஒத்துக்கொள்ள முடியாதவர்கள் நாலு படம் எடுத்துப் பார்த்துவிட்டுச் சண்டைக்கு வரலாம்.

அகச்சிவப்புப் படம் என்றால் உடல் சூட்டைப் படம் பிடிப்பதுதானே?

இல்லை. இந்தக் குழப்பம் தீராமல் மேற்கொண்டு எதுவும் விளங்காது. நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் ஏறக்குறைய 400 முதல் 700 நானோமீட்டர் வரை. 700-ஐத் தாண்டியதும் தொடங்குவது அண்மை அகச்சிவப்பு. சாதாரண டிஜிட்டல் கேமராவில் உள்ள சிலிக்கான் சென்சார் சுமார் 1100 நானோமீட்டர் வரைக்கும் அதை உணரும். மனித உடல் வெளியிடும் வெப்பக் கதிர்வீச்சோ 9000 நானோமீட்டரையும் தாண்டித்தான் உச்சம் தொடுகிறது. அதைப் பிடிக்கும் கேமராவுக்குச் சென்சாரும் வேறு, லென்ஸும் வேறு. சாதாரணக் கண்ணாடி அந்த அலைகளை உள்ளே விடாது என்பதால் அங்கே ஜெர்மானியம் லென்ஸ் போடுகிறார்கள்.

நாம் எடுக்கப்போவது, வெயில் பொருள்கள்மேல் பட்டுத் திரும்பும் ஒளியைத்தான். நல்ல இருட்டறையில் ஒருவரை உட்கார வைத்து எடுத்தால், அவருக்குக் காய்ச்சலே அடித்தாலும் படம் கறுப்பாகத்தான் வரும்.

குழப்பத்தின் வேர் பழையது. 1800-இல் வில்லியம் ஹெர்ஷல், முப்பட்டகம் பிரித்த சூரிய ஒளியில் சிவப்புக்கு அப்பால், எதுவுமே தெரியாத இடத்தில் தெர்மாமீட்டரை வைத்தார். வெப்பம் ஏறியது. அன்றிலிருந்து இந்தக் கதிருக்கும் சூட்டுக்கும் போட்ட முடிச்சு அவிழவே இல்லை.

என் கேமராவால் முடியுமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

டிவி ரிமோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அறையை இருட்டாக்கி, கேமராவைப் பின்திரையில் காட்சி நேரலையாகத் தெரியும் லைவ் வியூவில் வைத்து, ரிமோட்டின் முனையை லென்ஸுக்கு நேரே நீட்டிப் பொத்தானை அழுத்துங்கள். வெறும் கண்ணால் பார்த்தால் அந்தச் சின்ன பல்பு செத்துக் கிடக்கும். கேமராத் திரையில் வெளிறிய ஊதா நிறத்தில் விட்டுவிட்டுத் துடிக்கும். பளிச்சென்று துடித்தால் உங்கள் கேமரா கொஞ்சம் தாராள மனம் கொண்டது. மங்கலாக இருந்தால் நீண்ட நேரம் ஷட்டரைத் திறந்துவைக்க வேண்டிவரும். ஒன்றுமே தெரியாவிட்டாலும் நம்பிக்கை இழக்க வேண்டாம். ரிமோட்டுகள் பெரும்பாலும் 940 நானோமீட்டரை ஒட்டி ஒளிர்பவை, நாம் பயன்படுத்தப்போவதோ அதைவிடக் குறைந்த, சென்சாருக்கு எளிதான பகுதி.

இதே சோதனையை கைபேசியிலும் செய்து பாருங்கள். பின்பக்க கேமரா ஒன்றும் காட்டாமல், முன்பக்க கேமரா மட்டும் காட்டுவது சாதாரணமாக நடக்கும்.

சென்சாரே உணரும் என்றால் கேமராத் தயாரிப்பாளர்கள் ஏன் அதைத் தடுக்கிறார்கள்?

நிறம் கெட்டுவிடும் என்பதால்தான். சென்சாரின் மேல் இருக்கும் சிவப்பு, பச்சை, நீலச் சாயங்கள் மூன்றுமே அகச்சிவப்பைக் கசியவிடும். தடுக்காவிட்டால் கறுப்புத் துணி செம்மை பூசிவரும், பச்சை இலை பழுப்படிக்கும். அதனால் சென்சாருக்கு முன்னால் ஒரு தடுப்புக் கண்ணாடி ஒட்டப்படுகிறது.

அது பலவீனமாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2006-இல் வந்த லைக்கா எம்8 நல்ல உதாரணம். அந்தக் கேமராவில் செயற்கை நூலால் ஆன கறுப்பு உடைகள் கத்தரிப்பூ நிறத்தில் வந்தன. வாங்கியவர்கள் கொதித்துப்போக, லென்ஸில் மாட்டிக்கொள்ளும் தடுப்பு ஃபில்டர்கள் இரண்டை லைக்கா இலவசமாகக் கொடுத்தது. அகச்சிவப்புப் பைத்தியங்கள் மட்டும் அந்தக் குறையைக் கொண்டாடினார்கள்.

இலைகள் வெள்ளையாக வருவது ஏன்? பச்சையம் ஒளிர்வதாலா?

பச்சையத்தின் மேல் வீண்பழி. அண்மை அகச்சிவப்பைப் பொறுத்தவரை பச்சையம் கிட்டத்தட்ட இல்லாததுபோலத்தான். உறிஞ்சுவதும் இல்லை, தடுப்பதும் இல்லை. வேலையெல்லாம் இலையின் உள்கட்டமைப்பில் நடக்கிறது. இலைக்குள் நீர் நிரம்பிய செல்களும் காற்று இடைவெளிகளும் மாறி மாறி அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒளி ஒவ்வோர் எல்லையைக் கடக்கும்போதும் வளைந்து சிதறித் திரும்புகிறது. கண்ணாடியை நொறுக்கித் தூளாக்கினால் வெள்ளையாகிவிடுகிறதே, தெளிந்த நீரின் நுரை வெள்ளையாக இருக்கிறதே, அதே கதைதான். நலமான இலை தன்மேல் விழும் அண்மை அகச்சிவப்பில் ஏறக்குறைய பாதியைத் திருப்பி அனுப்பிவிடும். பச்சை ஒளியில் அது திருப்புவது பத்தில் ஒன்று, மிஞ்சினால் இரண்டு பங்கு. 

இதற்கு வுட் விளைவு என்று பெயர். மரத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். 1910-இல் இத்தகைய நிலக்காட்சிப் படங்களை முதன்முதலில் வெளியிட்ட அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வுட்டின் பெயர் அது.

இலை வாடினால் இந்தக் கணக்கு மாறும். 1972-இல் ஏவப்பட்ட முதல் லேண்ட்சாட் தொடங்கிப் பல செயற்கைக்கோள்கள் பயிர்களைக் கண்காணிப்பது இந்த வேறுபாட்டை வைத்துத்தான்: அகச்சிவப்பிலிருந்து சிவப்பைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் வரும் எண், தாவரம் எவ்வளவு செழிப்பாக இருக்கிறது என்று சொல்லிவிடும்.

வானமும் நீரும் ஏன் கறுக்கின்றன?

காற்று மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிக்கும் அளவு, அலைநீளத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. 450 நானோமீட்டர் நீலத்தோடு ஒப்பிட்டால் 800 நானோமீட்டர் ஒளி பத்தில் ஒரு பங்குதான் சிதறும். அதனால் தெளிந்த வானத்திலிருந்து நம் பக்கம் வர ஒளியே இருக்காது. மேகம் மட்டும் நீர்த்துளிகளால் ஆனது. அலைநீள வேறுபாடு பார்க்காமல் எல்லாவற்றையும் சிதறடிக்கும். கறுத்த வானத்தில் மேகம் பால்போல நிற்பது இதனால்தான். நீர்ப்பரப்பில் இரண்டு காரணங்கள் சேர்ந்துகொள்கின்றன: நீர் அகச்சிவப்பை உறிஞ்சுகிறது, பிரதிபலிக்கும் வானமும் கறுப்பு.

எந்த ஃபில்டர் வாங்குவது? 590, 720, 850 என்ற எண்கள் எதைக் குறிக்கின்றன?

ஃபில்டர் என்பது லென்ஸின் முன்னால் மாட்டும் கண்ணாடி; கண்ணுக்குத் தெரியும் ஒளியைப் பெரும்பாலும் தடுத்து அகச்சிவப்பை உள்ளே விடும். அந்த எண், அது ஏறக்குறைய எத்தனை நானோமீட்டர் அலைநீளத்திலிருந்து ஒளியை உள்ளே விடத் தொடங்குகிறது என்பதைச் சொல்லும். 590 கண்ணுக்குத் தெரியும் ஆரஞ்சையும் சிவப்பையும் சேர்த்து விடும், இலைகளைப் பொன்னிறமாக்கலாம். 665 அதைவிட அடக்கம். 720-இல் சிவப்பின் வால் கொஞ்சம் ஒட்டியிருக்கும், ஆகவே சிறிது நிறம் மிஞ்சும். 850-இல் சென்சாரின் மூன்று நிறச் சாயங்களும் ஏறக்குறைய ஒரே அளவு ஒளியை விடுவதால் நிறமே பிரியாது. சுத்தமான கறுப்பு வெள்ளை.

முதல் ஃபில்டராக 720 போதும். அந்த வகையைச் சேர்ந்த ஹோயா ஆர்72 நெடுங்காலமாகப் பலருடைய பையிலும் இருப்பது. தடுப்புக் கண்ணாடியைக் கழற்றிக் கேமராவை மாற்றியமைக்காதவர்கள் 850 பக்கம் போகவே வேண்டாம். தடுப்புக் கண்ணாடி விட்டுவைத்த கொஞ்சநஞ்ச ஒளியையும் அது விழுங்கிவிடும்.

கேமராவில் கைவைக்காமல், ஃபில்டரை மட்டும் மாட்டி எப்படி எடுப்பது?

முக்காலி கட்டாயம். முதலில் ஃபில்டர் இல்லாமல் காட்சியை அமைத்து, ஃபோகஸ் செய்து, தானியங்கி ஃபோகஸை அணைத்துவிடுங்கள். பிறகு ஃபில்டரைத் திருகி மாட்டுங்கள். முக்காலி நகர்ந்தால் மறுபடி முதலிலிருந்துதான். வெயில் உறைக்கும் வேளையில் சென்சாரின் உணர்திறன் ஐ.எஸ்.ஓ. 400, லென்ஸின் துளை எஃப்/5.6, ஷட்டர் ஐந்து விநாடி என்று தொடங்கிப் பாருங்கள். ஒரு கேமராவில் ஒரே விநாடியில் படம் விழும், இன்னொன்றில் முப்பது விநாடி ஆகும். கேமராவின் வெளிச்சமானி சொல்வதை நம்பாதீர்கள். அது அகச்சிவப்புக்காக அளவு குறிக்கப்பட்டதில்லை. வெளிச்சம் எப்படிப் பரவியிருக்கிறது என்று திரையில் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தில் சிவப்பு மட்டும் தனியாகத் தெரியும்படி வைத்து, அது வலது சுவரில் முட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடி வைத்த டி.எஸ்.எல்.ஆர். கேமரா என்றால் இன்னொன்று. என் முதல் மாலையில் எடுத்த அத்தனை படங்களிலும் சாய்வாக ஒரு சாம்பல் பட்டை விழுந்திருந்தது. ஃபில்டர் போலி என்று முடிவு கட்டி, திருப்பி அனுப்பப் பெட்டியில்கூட வைத்துவிட்டேன். மறுநாள் தற்செயலாகப் பின்பக்கத்தைத் துணியால் மூடிக்கொண்டு எடுத்த ஒரு படத்தில் மட்டும் பட்டை இல்லை. வெயில் எனக்குப் பின்னாலிருந்து கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் வழியாக நுழைந்து, இருபது விநாடியும் உள்ளே உட்கார்ந்திருக்கிறது. அந்தத் துளையை அடைக்கும் ரப்பர் மூடியோ, வாங்கிய நாள் முதல் கேமராவின் தோள்பட்டியிலேயே கோத்திருந்தது. அது எதற்கு என்று நான் யோசித்ததே இல்லை.

நீண்ட நேரம் திறந்துவைப்பதால் காற்றில் ஆடும் கிளைகள் பஞ்சாகிவிடும். சிலருக்கு அதுவே பிடித்துப்போகிறது. எனக்குக் கிளை கிளையாகத் தெரிய வேண்டும், ஆகவே காற்றடிக்கும் நாளில் கட்டடங்கள் பக்கம் போய்விடுவேன்.

ஃபோகஸ் சரியாகச் செய்தும் படம் மங்கலாக இருக்கிறதே?

லென்ஸ்கள் கண்ணுக்குத் தெரியும் ஒளிக்காகச் செதுக்கப்பட்டவை. அகச்சிவப்பு சற்றுப் பின்னால்தான் குவியும். பழைய கையால் திருகும் லென்ஸ்களில், தூரம் காட்டும் கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புப் புள்ளி இருக்கும். கண்ணால் ஃபோகஸ் செய்தபின் அந்தத் தூரத்தை இந்தப் புள்ளிக்கு நேராகத் திருப்ப வேண்டும். அதற்கென்றே பொறிக்கப்பட்டது அது. புது லென்ஸ்களில் பெரும்பாலும் இந்தப் புள்ளி கிடையாது. மாற்றியமைத்த கேமராவில் லைவ் வியூவில் ஃபோகஸ் செய்தால் பிரச்சினையே இல்லை, சென்சார் தான் பார்க்கும் ஒளியிலேயே ஃபோகஸ் பிடிக்கும். மிரர்லெஸ் கேமராக்கள் இந்த வேலைக்குப் பிறந்தவைபோல் இருப்பது இதனால்தான்.

லென்ஸின் துளையை நன்றாகச் சுருக்கிவிட்டால் ஃபோகஸ் பிழை மறைந்துவிடாதா?

ஓரளவு மறையும். ஆனால் வேறு இரண்டு தொல்லைகள் வந்து சேரும். ஒளி துளையின் ஓரத்தில் வளைந்து பரவிப் படத்தை மங்கலாக்குவதுதான் விளிம்பு விளைவு; அலைநீளம் கூடக்கூட அதுவும் கூடும். 850 நானோமீட்டரில் எஃப்/8 வைத்து எடுப்பது, பச்சை ஒளியில் எஃப்/12 வைத்து எடுத்ததுபோல மிருதுவாகும். எஃப்/16 என்றால் கேட்கவே வேண்டாம்.

இரண்டாவது, படத்தின் நடுவில் தோன்றும் வெளிறிய வட்டம். லென்ஸின் உட்புறப் பூச்சுகள் கண்ணுக்குத் தெரியும் ஒளியின் பிரதிபலிப்பைத்தான் அடக்குகின்றன. அகச்சிவப்பு உள்ளேயே எகிறிக் குதித்து நடுவில் விழுகிறது. எஃப்/4-இல் தெரியாமல் இருக்கும் வட்டம் எஃப்/11-இல் நாணயம் ஒட்டியதுபோலத் தெளிவாகிவிடும். விலையுயர்ந்த லென்ஸும் இதில் தோற்கும், கேமராவோடு வந்த சாதாரண ஜூம் ஜெயித்துவிடும். உங்கள் லென்ஸ்கள் ஒவ்வொன்றாலும் வெறும் சுவரையோ வானத்தையோ ஒவ்வொரு துளையிலும் எடுத்துப் பாருங்கள். அரை மணி நேர வேலைதான்.

படம் முழுக்க ரத்தச் சிவப்பாக இருக்கிறது. கெட்டுவிட்டதா?

இல்லை, அப்படித்தான் வரும். சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பில் எடுங்கள், ஜே.பி.இ.ஜி. மட்டும் எடுத்தால் பிறகு வருத்தப்படுவீர்கள். வெயில் படும் புல்தரையை அதே ஃபில்டரோடு எடுத்து, அதையே ஒயிட் பேலன்ஸுக்கு, அதாவது எது வெள்ளை என்று கேமராவுக்குச் சொல்ல, அளவாகக் கொடுங்கள். புல் வெள்ளையாகும், வானம் செம்பழுப்பாகும். சில கேமராக்கள் இந்த அளவை ஏற்க மறுக்கும். ரா மென்பொருள்கள் சிலவும் ஒயிட் பேலன்ஸ் அளவில் 2000 கெல்வினுக்குக் கீழே இறங்காமல் அடம்பிடிக்கும். அப்போது உங்கள் கேமராவுக்கென்று தனி நிற விவரக்கோப்பு ஒன்றை உருவாக்கிக் கொடுத்தால் வழிக்கு வரும்.

நீல வானமும் வெள்ளை மரமுமாகச் சிலர் படம் போடுகிறார்களே, அது எப்படி?

சிவப்பையும் நீலத்தையும் இடம் மாற்றுகிறார்கள். படம் திருத்தும் மென்பொருளில் நிறங்களைக் கலக்கும் சேனல் மிக்ஸரில் சிவப்பு வெளியீட்டுக்குச் சிவப்பு 0, நீலம் 100. நீல வெளியீட்டுக்குச் சிவப்பு 100, நீலம் 0. செம்பழுப்பு வானம் நீலமாகும், வெள்ளை மரம் வெள்ளையாகவே நிற்கும். 720-க்கும் அதற்குக் கீழும் உள்ள ஃபில்டர்களில்தான் இது பலிக்கும்.

அப்படியானால் உண்மையான நிறம் எது?

உண்மையான நிறம் என்று ஒன்று இல்லை. கண்ணுக்கே தெரியாத ஒளிக்கு நிறம் ஏது? நீலமோ பொன்னோ, நீங்கள் பார்த்து வைத்ததுதான். இதனால்தான் தொடங்குகிறவர்களிடம் முதல் சில மாதங்கள் கறுப்பு வெள்ளையிலேயே எடுக்கச் சொல்கிறேன். எது வெளுக்கும், எது கறுக்கும் என்று பார்த்தவுடன் சொல்லக் கண் பழகியபின் நிறத்தோடு விளையாடலாம். நேர்மாறாகத் தொடங்கியவர்களின் படங்களில் மரம் மரமாகவே இருக்கும், நிறம் மட்டும் கத்திக்கொண்டிருக்கும்.

எந்த நேரத்தில் எடுப்பது நல்லது?

மற்றப் புகைப்படக்காரர்கள் கேமராவை மூடிவைக்கும் உச்சி வெயிலில். இலைகள் அப்போதுதான் பொங்கும். மேகம் கவிந்த நாளில் படம் சாம்பலாகச் சோர்ந்துவிடும். வீட்டுக்குள் பழைய இழை பல்பு அகச்சிவப்பை அள்ளிக் கொடுக்கும், எல்.இ.டி. விளக்கில் அது இல்லாததற்குச் சமம்.

மனிதர்களை எடுத்தால் எப்படி இருக்கும்?

முன்கூட்டியே எச்சரித்துவிட்டு எடுங்கள். அகச்சிவப்பு தோலுக்குள் சில மில்லிமீட்டர் நுழைந்து திரும்புவதால் பருவும் புள்ளிகளும் மறைந்து முகம் பீங்கான்போல வழவழப்பாகும். மெலனின் இந்த ஒளியை அவ்வளவாக உறிஞ்சுவதில்லை, ஆகவே தோல்நிற வேறுபாடும் பெருமளவு கரைந்துவிடும். அதே நேரம் நெற்றி நரம்பு கோடாகத் தெரியும், கண்கள் கறுத்துச் சற்று அமானுஷ்யமாகும். குளிர்கண்ணாடி பல நேரம் வெறும் கண்ணாடியாகிவிடும். கறுப்பு உடைகள் வெளிறும். ஒரே கறுப்பாகத் தெரிந்த சட்டையும் கால்சட்டையும் வேறு வேறு சாம்பலில் வந்து நிற்கும்.

துணிக்குள் தெரியும் என்கிறார்களே?

மெல்லிய செயற்கைத் துணிகள் சில, கண்ணுக்குத் தெரிவதைவிடக் கொஞ்சம் கூடுதலாக ஊடுருவும் என்பது உண்மை. 1998-இல் சோனியின் இரவுக்காட்சி வீடியோ கேமராக்களைப் பகலில் அப்படிப் பயன்படுத்த முடியும் என்று தெரியவந்ததும், அந்த நிறுவனம் வடிவமைப்பையே மாற்றியது. அந்த எண்ணத்தோடு கேட்கிறவர்களுக்கு என்னிடம் வேறு பதில் இல்லை.

பனிமூட்டத்தை ஊடுருவுமா?

தூரத்து மலையை மறைக்கும் நீலநிற மெல்லிய மூட்டத்தை நன்றாகவே கிழிக்கும். அடர்ந்த மூடுபனியிடம் தோற்கும், அதன் துளிகள் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியவை.

கேமராவை நிரந்தரமாக மாற்றியமைப்பது பற்றி?

சென்சார் மேலுள்ள தடுப்புக் கண்ணாடியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் 720 போன்ற ஃபில்டரையோ வெறும் தெளிந்த கண்ணாடியையோ பொருத்துவார்கள். பிறகு முக்காலி வேண்டாம்; வெயிலில் 1/200 விநாடியில் கையில் பிடித்தே எடுக்கலாம். தெளிந்த கண்ணாடி போட்டால், லென்ஸில் ஃபில்டரை மாற்றி மாற்றி எல்லா வகையும் எடுக்கலாம், தடுப்பு ஃபில்டரை மாட்டிச் சாதாரணப் படமும் எடுக்கலாம். என் ஓட்டு அதற்கே. ஆனால் டி.எஸ்.எல்.ஆரில் கறுப்பு ஃபில்டரை லென்ஸில் மாட்டினால் வியூஃபைண்டர் இருண்டுவிடும், அங்கே உள்ளேயே 720 வைப்பது மேல். உங்களிடம் இருக்கும் ஒரே கேமராவை மட்டும் மாற்றாதீர்கள். பழைய மிரர்லெஸ் ஒன்று போதும்.

சிக்மாவின் எஸ்.டி.14 போன்ற சில மாடல்களில் அந்தத் தடுப்பை நாமே கழற்றி மாட்டலாம், அறுவை சிகிச்சையே தேவையில்லை.

நானே பிரித்துச் செய்யலாமா?

உள்ளே ஃபிளாஷ் உள்ள கேமராவென்றால் அதன் மின்தேக்கியில் சுமார் 300 வோல்ட் தேங்கியிருக்கும், பேட்டரியைக் கழற்றிய பிறகும். அது தெரியாமல் திருப்புளியை நுழைக்காதீர்கள். அதைத் தாண்டினாலும் தூசு இருக்கிறது. காசு கொடுத்து ஒருவரிடம் மாற்றிய என் கேமராவிலேயே கண்ணாடிக்கும் சென்சாருக்கும் நடுவே ஒரு முடி மாட்டிக்கொண்டு, எல்லா வானத்திலும் ஒரே இடத்தில் புழுபோல நெளிந்தது. மறுபடி பிரிக்க வைத்தேன். புதுக் கண்ணாடியின் தடிமனும் பழையதற்கு ஈடாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஃபோகஸ் இடறும்.

சாதாரணப் படத்தைக் கணினியில் அகச்சிவப்பாக மாற்ற முடியாதா?

பச்சையை வெளுக்கவைக்கலாம். ஆனால் பச்சைப் பெயின்ட் அடித்த கதவும் சேர்ந்து வெளுத்துவிடும். பெயின்ட்டையும் இலையையும் பிரித்துச் சொல்லும் தகவல் அந்தக் கோப்பில் இல்லவே இல்லை.

அழகுக்கு மட்டுமா, வேறு பயனும் உண்டா?

நிறைய. பழங்கால யூதச் சுவடிகளான சாக்கடல் சுருள்களின் கறுத்துப்போன தோல்துண்டுகளில் கண்ணுக்குத் தெரியாத எழுத்துகளை 1950-களில் அகச்சிவப்புப் படங்களால்தான் படித்தார்கள். பழுத்துக் கறுத்த தோல் அகச்சிவப்பில் வெளிறும், கரிமையில் எழுதியது கறுப்பாகவே நிற்கும். வீட்டில் இருக்கும் கறுப்புப் பேனாக்களால் ஒரு தாளில் வரிசையாகக் கோடு போட்டு எடுத்துப் பாருங்கள். சில கோடுகள் காணாமல் போயிருக்கும்.

இந்தக் கறுப்பு ஃபில்டர் வழியாகச் சூரியனையோ கிரகணத்தையோ பார்க்கலாமா?

ஒருபோதும் கூடாது. கறுப்பாகத் தெரிவது கண்ணுக்குத்தான். அகச்சிவப்பை அது அப்படியே உள்ளே விடும், அந்த ஒளி விழித்திரை வரை போகும். கண் கூசாததால் பாவை சுருங்காது, வலிக்கவும் வலிக்காது. டி.எஸ்.எல்.ஆரின் வியூஃபைண்டர் வழியாகப் பார்ப்பதற்கும் இதே தடைதான்.

மாற்றிய கேமராவைப் பழையபடி ஆக்க முடியுமா?

கழற்றிய தடுப்புக் கண்ணாடியைப் பத்திரமாக வாங்கி வைத்திருந்தால் முடியும். மாற்றிக் கொடுப்பவரிடம் அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நான் வாங்கி வைத்திருக்கிறேன். இதுவரை அந்த உறையைப் பிரிக்கவில்லை.